சமையலறை அலுமாரிக்கு ஏற்ற மேற்பூச்சு எது?

புதுமனை கட்டுவோர் சமையலறை அலுமாரியின் நிறத்தைத் தெரிவதிற் பல நாட்களைச் செலவிடுகின்றனர். அந்நிறத்தைத் தாங்கும் மேற்பூச்சு யாதென வினவுவோர் மிகச் சிலரே. நம் நாட்டுச் சமையலறையோ பூச்சுகளுக்குக் கடுஞ்சோதனைக் களம். சோற்றுப்பானையின் நீராவியும், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையும், மஞ்சட் கறையும், கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் ஒருங்கே அதனைத் தாக்குகின்றன.

பழைய வீடுகளிற் பலா மரத்திலும் தேக்கிலும் மின்னும் பொலிஷ் பெரும்பாலும் அரக்கினால் ஆயது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியொன்று சுரக்கும் பிசினே அரக்கு. அதனை ஸ்பிரிட்டிற் கரைத்துத் துணிப்பந்தினாற் பலமுறை தேய்த்து ஏற்றுவர். அழகில் இதற்கு இணையில்லை என்பதே நம் எண்ணம். ஆயினும் இது சூட்டுக்கு இளகும். ஈரம் தங்கின் வெண்மை படரும். சுடுதேநீர்க் கோப்பை மேசையில் விட்டுச்செல்லும் வெண்வட்டத்தைக் காணாதார் யார்? வரவேற்பறைக்கு உரியதை அடுப்பங்கரைக்கு அழைத்தல் முறையன்று.

எனாமல் வர்ணம் செலவிற் குறைந்தது, வீட்டாரே பூசிக்கொள்ளலாம். எனினும், எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் ஒளிபடாத இடத்தில் மஞ்சளேறும் இயல்புடையது. கதவின் வெளிப்புறம் வெண்மையாயிருக்க உட்புறம் பழுப்பது இதனாலேயாம். பூசியவரை நோவதிற் பயனில்லை.

இனி, ஃபோர்மிக்கா முதலிய ஒட்டுத்தகடுகளை நோக்குவோம். 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிற் பிறந்த ஃபோர்மிக்கா, சமையலறைக்கென ஆக்கப்பட்டதன்று. மின்கருவிகளிற் காப்பாகப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாக வந்தமையால் அப்பெயர் பெற்றது. பிசினிற் தோய்த்த தாள்களை அடுக்கிச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு அது. கீறலும் நீராவியும் அதனை எளிதில் வெல்லா. நாள்தோறும் மூவேளையும் அடுப்பெரியும் வீட்டுக்கு நாம் இதனையே பரிந்துரைப்போம்.

ஆனால் கெடுதி நுழையும் வழி முகப்பன்று, ஓரமே. மரத்துகளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஒருமுறை நீருண்டு வீங்கினால் மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆதலால் நான்கு ஓரங்களும், நீர்க்குழாய்க்குத் துளைத்த துவாரத்தின் விளிம்பும் அடைக்கப்பட்டுள்ளனவா எனக் கையாற் தடவிப் பார்த்தே தச்சருக்குக் கூலி கொடுத்தல் வேண்டும். பின்புறத்திலும் தகடு ஒட்டாவிடிற் கதவு வளையக்கூடும். பீ.வீ.சீ. உறை பொதிந்த கதவுகள் பார்வைக்கு இனியனவே. எனினும் அடுப்பின் அருகே சூட்டினால் உறை உரியும்.

பழைய அலுமாரியையே புதுப்பிக்க எண்ணுவோர் ஒன்றில் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். எனாமல் வர்ணத்திலுள்ள ஈயத்துக்கு இலங்கையில் 2013 முதலே சட்ட வரம்பு உண்டு. அதற்கு முன் பூசிய வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதனை உலர்ந்த நிலையில் அரத்தாளாற் தேய்ப்பின், எழும் தூசி சிறுகுழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பூச்சு உறுதியாயிருப்பின் நீரால் நனைத்து மெல்லத் தேய்த்துப் புதுப்பூச்சு ஏற்றலாம். உதிர்வதாயின் கதவையே மாற்றுவது நன்று. வேலை முடிந்து, தரையை ஈரத்துணியாற் துடைத்து எடுக்கும்வரை குழந்தைகளை அவ்வறைப் பக்கம் விடலாகாது.