கைப்பம்பின் பிடியைக் கழற்றுவது யார்? – எமது பிள்ளைகள் படிக்கும் சுற்றாடல் சுகாதாரம்

"மகள் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறா?" என்று கேட்டால், "சுற்றாடல் சுகாதாரமும் கொள்கையும்" என்று சொல்லிவிட்டுப் பெற்றோர் சற்றுத் தயங்குவதை நாங்கள் பல தடவை கண்டிருக்கிறோம். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் மேலதிக விளக்கம் தேவைப்படாது. இதற்கு மட்டும், "அதென்ன, ஊரில பி.எச்.ஐ. செய்யிற வேலையோ?" என்று அடுத்த கேள்வி வரும்.

அந்தக் கேள்வியில் பிழையில்லை. வளவுக்குள் வந்து நுளம்பு பெருகுகிறதா, மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறதா என்று பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலையும் இப்படிப்புக்குள் அடங்கும். ஆனால் படிப்பு அதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நோய் எந்த இடத்திலிருந்து, எதன் வழியாக வருகிறது. அதைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. அவர் தடுக்காவிட்டால் சட்டம் என்ன செய்யும் என்ற மூன்றையும் சேர்த்தே மாணவர்கள் படிக்கிறார்கள். இலண்டனுக்குப் படிக்க வருபவர்களுக்கு இதனைக் கற்பிக்கும் நாங்கள் மூன்று இடங்களைக் கொண்டு விளக்குவதுண்டு. முதல் இரண்டும் இந்த நகரத்தில் உள்ளவை. மூன்றாவது எம்மவர் பலருக்கும் தெரிந்த இடம்.

சோஹோவின் கைப்பம்பு

இன்று புரோட்விக் வீதி எனப்படும் தெரு, அன்று புரோட் வீதி. 1854 ஆகஸ்ட் இறுதியில் இங்கே கொலரா பரவி, சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே காரணம் என்று அக்கால மருத்துவர்கள் பலர் நம்பினர். ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் தண்ணீரைச் சந்தேகித்தார். இறந்தவர்களின் வீடுகளை விசாரித்தபோது, பெரும்பாலானோர் தெருவோரக் கைப்பம்பு ஒன்றின் அருகே வாழ்ந்தவர்கள் என்பது தெரிந்தது. தூரத்து ஹாம்ஸ்டெட்டிலும் ஒரு விதவை இறந்திருந்தார். அவர் அந்தப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், அதை எடுப்பித்துக் குடித்து வந்தவர். "நல்ல தண்ணிக் கிணறு" என்று பெயரெடுத்த கிணற்றைத் தேடிக் குடத்தோடு நடந்த எங்கள் தாய்மாருக்கு அந்த விதவையின் விருப்பம் நன்றாகவே விளங்கும்.

செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் பிடி கழற்றப்பட்டது. மாணவர்களை நாங்கள் நிறுத்தி யோசிக்கச் சொல்லும் இடம் இதுதான். ஸ்னோவால் சான்றைக் காட்டத்தான் முடிந்தது. பிடியைக் கழற்றும் அதிகாரம் அப்பகுதி நிர்வாக சபையிடமே இருந்தது. அதற்குள் நோயும் தணியத் தொடங்கியிருந்தது. அதன் பின்னரும் அரசின் சுகாதார சபை அவருடைய விளக்கத்தை ஏற்கவில்லை. உண்மையைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதை ஒரு முடிவாக மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையைத்தான் "கொள்கை" என்கிறோம்.

பெருந்தெருவோரத்து வீடு

இரண்டாவது இடம் தென்கிழக்கு இலண்டனின் லூயிஷம். சவுத் சேர்க்குலர் என்ற நெரிசல் மிகுந்த பெருந்தெருவுக்கு அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி, கடும் ஆஸ்துமாவால் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 30 தடவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு, 2013 பெப்ரவரியில் 9 வயதில் இறந்தாள். முதல் மரண விசாரணை காற்று மாசைக் காரணமாகக் குறிப்பிடவில்லை. தாய் விடவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை இரத்துச் செய்தது. 2020 டிசெம்பரில் முடிந்த இரண்டாவது விசாரணை, அவளது மரணத்திற்குக் காற்று மாசு கணிசமாகப் பங்களித்தது எனத் தீர்மானித்தது. பிரித்தானியாவில் ஒருவரது மரணக் காரணங்களில் காற்று மாசு பதிவானது அதுவே முதல் தடவை.

அந்தத் தீர்ப்பில் எமது குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்ற தகவல் அந்தத் தாய்க்குக் கொடுக்கப்படவில்லை என்றும், கொடுத்திருந்தால் மரணத்தைத் தடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகளை அவர் எடுத்திருப்பார் என்றும் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பெருந்தெருவோரக் கடைகளுக்கு மேல்மாடியில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் எம்மிடையே குறைவில்லை. இருமலோடு வைத்தியரிடம் போகும்போது, வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆங்கிலம் சரளமாக வராத அம்மாவுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க இருக்கும் பிள்ளைக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

சுண்ணாகத்துக் கிணறுகள்

வற்றாத ஆறு இல்லாத யாழ் குடாநாடு, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரையே நம்பியிருக்கிறது. அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம் என்பதால், நிலத்தில் ஓரிடத்தில் ஊற்றியது இன்னோர் இடத்துக் கிணற்றுக்கு எளிதில் போய்ச் சேரும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுண்ணாகத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டபோது, அதிகாரபூர்வ அறிக்கைகளே ஒன்றுக்கொன்று முரண்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. அங்கு இயங்கிய மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டை இதைவிடத் தெளிவாக மாணவர்களுக்கு விளக்க முடியாது.

இதை வகுப்பில் எடுக்கும்போது மாணவர்களிடம் நாங்கள் கேட்பது: இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் எதை நம்புவீர்கள்? எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில் மாதிரி எடுத்தார்கள்? எதைத் தேடிச் சோதித்தார்கள்? எதைச் சோதிக்கவில்லை? சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, தான் வாழும் நாட்டிலும் ஊரிலும் ஓர் அறிக்கையைக் காட்டி எளிதில் ஏமாற்ற முடியாத பிள்ளை.

பெற்றோரிடம் எமது வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலசலகூடக் குழி எத்தனை அடி தள்ளியிருந்தது, தோட்டத்துக்கு என்ன உரம் போட்டீர்கள், மாரியில் தண்ணீர் எப்படி மாறியது என்று சொல்லுங்கள். யாழ்ப்பாண நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியதற்குக் குழிகளும் உரமும் காரணம் என்பதை அவர்கள் பாடத்தில் படிப்பார்கள். அந்தக் கிணற்றில் குளித்தவர்கள், அதன் நீரைக் குடித்தவர்கள் நீங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத பாதி உங்களிடம்தான் இருக்கிறது.