கண்ணில் இட்ட சுர்மா எங்கே போகிறது?

நோன்பாளி சுர்மா இடலாமா என்ற வினாவை ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே ஆராய்ந்துள்ளன. கண்ணிலிருந்து உடலின் உட்பகுதிக்குத் திறந்த வழி இல்லை. ஆகவே தொண்டையில் அதன் சுவை தெரிந்தாலும் நோன்பு முறியாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலை. தொண்டையை எட்டினால் முறியும் என்பர் மாலிகி, ஹன்பலி அறிஞர்கள். இவ்விரு சாராரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் கண்ணில் இட்டது தொண்டையில் தெரிகிறது என்பதை இரு சாராருமே கவனித்துப் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு சரியானது.

இமைகளின் உள்மூலையில் ஊசி முனையளவில் இரு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கண்ணீர் ஒரு பைக்குள் இறங்கி, மெல்லிய குழாய் மூலம் மூக்கின் உட்புறத்தில் வடிகிறது. அங்கிருந்து தொண்டைக்கும் வயிற்றுக்கும் தடையில்லை. சுர்மாத் துகளும் இதே வழியில் பயணம் செய்கிறது. குழந்தைகளுக்கோ இதைவிடக் குறுக்கு வழி ஒன்றுண்டு: கண்ணைக் கசக்கிய விரல் அடுத்த கணம் வாய்க்குள் இருக்கும்.

இப்படி வயிற்றுக்குச் செல்லும் பொருள் எது? நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்த இத்மிதை ஆன்டிமனி தாது, அதாவது அஞ்சனக்கல், என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கின்றனர். ஆயினும் கடைகளில் சுர்மா என்ற பெயரில் விற்பனையாகும் பொடிகளை ஆய்ந்தவர்கள் அவற்றுள் பலவற்றில் கண்டது கலீனா, அதாவது ஈய சல்ஃபைடு. இக்குழப்பம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. இப்னு சீனாவே தமது கானூனில் இத்மிதை ஈயத்தோடு தொடர்புபடுத்தி விளக்குகிறார். இரண்டும் சாம்பல் கலந்த கரும் பளபளப்புடையவை; பொடித்தபின் கண்ணால் பிரித்தறிய இயலாது. (ஆன்டிமனி சேர்மங்களும் முற்றிலும் தீங்கற்றவை என்று சொல்வதற்கில்லை.)

வேதியியல் நோக்கில் ஈய சல்ஃபைடும் ஓர் உப்பே. நீரில் அது எளிதில் கரையாது. 'கரையாதது உடலில் சேராது' என்று சுர்மாவுக்காக வாதாடுவோர் உண்டு. வயிறு தண்ணீர்க் குடம் அன்று. அங்குள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துகளின் ஒரு பகுதியைக் கரைத்து ஈயத்தைத் தனி அயனியாக்கி விடுகிறது. சிறுகுடலின் சுவர் இந்த அயனியை இரும்பென்றும் கால்சியமென்றும் எண்ணி ஏமாந்து உள்ளே விடுகிறது. ஆதலால் இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை இன்னும் ஆவலுடன் ஏற்கும். கரையக்கூடிய ஈய உப்பில், பெரியவர்கள் உணவோடு உட்கொள்வதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே குருதியில் சேர, சிறு குழந்தைகளிடம் பாதியளவு வரை சேரும். பெரியவர்களிலும் வெறும் வயிற்றில் இந்த அளவு பல மடங்கு உயர்கிறது. நோன்புக்கால சுர்மாவைப் பற்றிப் பேசுகையில் இதையும் நினைவில் கொள்ளல் தகும்.

கல்லைப் பொடிப்பவரின் நிலை வேறு. பெரிய துகள்களை மூச்சுக்குழலின் நுண்மயிர்கள் மேலே தள்ளித் தொண்டைக்கு அனுப்ப, அவர் அவற்றை விழுங்கிவிடுகிறார். மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் தங்கிப் பெரும்பாலும் குருதியில் கலந்து விடுகின்றன.

குருதியில் சேர்ந்த ஈயம் ஏறக்குறைய முழுவதும் செங்குருதியணுக்களைப் பற்றிக்கொள்கிறது. பெரும்பகுதி சிறுநீரிலும் ஓரளவு பித்தநீர் வழியாக மலத்திலும் வெளியேறும். குருதியில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதற்குள் எலும்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு விடுகிறது. பெரியவர்களின் உடலிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலும்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து பாதி நீங்கப் பத்தாண்டுகளுக்கு மேலாகலாம். கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் எலும்பு கரைந்து கால்சியம் வெளிவரும்போது, தாய் தன் சிறுவயதில் சேர்த்த ஈயமும் உடன் வந்து சிசுவை அடைகிறது.

கணக்கிட்டால் நிலைமை தெளிவாகும். தூய கலீனாவின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு ஈயம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சுமார் எட்டு டெசிலிட்டர் குருதி உண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் கவலைக்குரியதாகக் கொண்டுள்ள அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம், முழுக் குருதிக்கும் சேர்த்து 28 மைக்ரோகிராம்தான். ஒரு மில்லிகிராம் பொடியில் இருபதில் ஒரு பங்கு கரைந்து கலந்தாலே இதைத் தாண்டிவிடும். பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சுர்மாவால் குழந்தைகளுக்கு ஈயநஞ்சு ஏறுவதை 1968லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்று எழுதியிருக்கிறது. வெளித்தெரியும் அறிகுறி பெரும்பாலும் இராது. இரத்தசோகையும் கற்றலில் மந்தமும் மெல்ல வருபவை.

குருதியில் ஈயம் 45 மைக்ரோகிராமை எட்டிய குழந்தைகளுக்கு, அதைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து தரப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் அளவு குறையும். சில வாரங்களில் எலும்பிலிருந்து ஈயம் திரும்ப வடிந்து மீண்டும் ஏறும். ஆகவேதான் மருத்துவர் சுர்மாக் குப்பியை முதலில் வீட்டை விட்டு அகற்றச் சொல்கிறார்; பின் மாதக்கணக்கில் குருதியைச் சோதிக்கிறார்.