குருவிச் சோறும் சால இலையும்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலரும் முன்பே கொல்கத்தாவின் தெருமுனைகளில் வாடகைப் பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். பெரிய பாத்திரங்கள், அரிசி மூட்டை, எரிவாயு அடுப்பு, பூப்பந்து மட்டைகள் என ஒவ்வொன்றாக ஏறும். குரங்குக் குல்லாய் அணிந்த தாத்தா முதல் போர்வைக்குள் தூங்கும் கைக்குழந்தை வரை தெருவே புறப்படும். மேற்கு வங்கத்தில் வனபோஜன காலம் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அறிவிப்பு தேவையில்லை.

நமது மார்கழியை ஒட்டி வருவது வங்காளிகளின் பௌஷ மாதம். ஆண்டின் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் புழுங்கும் அந்த மாநிலத்துக்குக் கிடைக்கும் குளிர்காலம் மிகக் குறுகியது. அந்தச் சில வாரங்களை வீட்டுக்குள் கழிக்க அங்கு எவரும் விரும்புவதில்லை.

இந்த வனபோஜனத்துக்கு வங்காளிகள் வைத்துள்ள செல்லப் பெயர் 'சொருயிபாத்தி'. சொருயி என்றால் சிட்டுக்குருவி. பாத் என்றால் சோறு. தமிழகச் சிறுவர்களின் கூட்டாஞ்சோறு போல ஆளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து, மரத்தடியில் கூடிச் சமைத்து உண்பதே இதன் தொடக்கம். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலில் அப்புவும் துர்காவும் இப்படிச் சமைத்து மகிழ்வதை அதைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று அந்தக் குருவிச் சோறு பெருவிருந்தாக வளர்ந்துவிட்டது. காலையில் பூரியும் உருளைக்கிழங்கும்; நண்பகலில் சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும் தக்காளிச் சட்னியும். ஈச்ச மரத்தில் குளிர்காலத்தில் இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புதுவெல்லத்தில் செய்த இனிப்பு கட்டாயம் உண்டு. 2015-இல் புவிசார் குறியீடு பெற்ற ஜெய்நகர் 'மோவா' என்னும் பொரி உருண்டையும் இந்த வெல்லத்தில் பிடிப்பதுதான்.

கொல்கத்தாவாசிகள் நாடிச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளே. ஹூக்ளியும் ரூப்நாராயண் ஆறும் கலக்கும் காதியாரா, இச்சாமதி ஆற்றின் அக்கரையில் வங்கதேசம் தெரியும் டாக்கி, நாவலாசிரியர் சரத் சந்திரர் வாழ்ந்த இல்லத்தைக் கொண்ட தேவுல்டி ஆகியவை அவற்றுள் சில. சற்றே தொலைவு செல்லத் துணிபவர்கள் பாங்குரா மாவட்டத்து முகுட்மணிப்பூர் அணைக்கும், அதைச் சூழ்ந்த சால மரக் காடுகளுக்கும் போகிறார்கள்.

சிக்கல் பேருந்துகள் திரும்பிய பிறகு தொடங்குகிறது. நாள் முழுவதும் அதிர்ந்த ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும். ஆனால் எச்சில் தட்டுகளும், நெகிழிக் குவளைகளும், தண்ணீர் பாட்டில்களும் ஆற்றங்கரையிலேயே கிடக்கும். காற்று அவற்றில் பாதியை வயலுக்கும் மீதியை ஆற்றுக்கும் கொண்டு சேர்க்கும். நகரவாசிக்கு அது ஒருநாள் இன்பம். அங்கே மீன் பிடிப்பவருக்கும் காய்கறி பயிரிடுபவருக்கும் அது ஆண்டு முழுவதற்குமான தொல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். தெர்மாகோல் உள்ளிட்ட ஒருமுறை நெகிழியாலான தட்டு, குவளை, கரண்டி ஆகியவற்றை நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை செய்துள்ளது. எனினும் தடை எத்தனை திட்டமாக எழுதப்பட்டிருந்தாலும், ஆள் நடமாட்டம் குறைந்த ஆற்றங்கரையில் அதைக் காக்க வேண்டியவர் அங்கு உண்ண அமர்பவரே.

இதற்கான மாற்று எங்கோ தொலைவில் இல்லை. வனபோஜனம் நடக்கும் அதே காட்டில் இருக்கிறது. பாங்குரா, புருலியா, ஜார்கிராம் மாவட்டங்களில் பழங்குடிப் பெண்கள் சால இலைகளைப் பறித்து, மெல்லிய குச்சிகளால் கோத்துத் தட்டுகளாக்கி விற்கிறார்கள். தமிழகத்தின் தையல் இலையை அறிந்தவர்களுக்கு இது புதியதன்று. ஒரு காலத்தில் வங்கத்தின் பல விருந்துகள் இந்த இலையில் நடந்தன. மலிவான தெர்மாகோல் தட்டு வந்தபோது அந்த இலையுடன் அப்பெண்களின் வருவாயும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

சால இலைத் தட்டில் குழம்பு சிறிது கசியக்கூடும். அதற்காக இரண்டு தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக்கொள்வது பழைய வழக்கம். உண்டு முடித்தபின் குழியில் போட்டு மூடினால் மண்ணோடு மண்ணாகிவிடும். கரையும் தூய்மையாக இருக்கும். இலை கோத்த கைகளுக்கும் கூலி கிடைக்கும்.

பேருந்தில் ஏற்றும் பொருள்களின் பட்டியலில் இரண்டு கட்டு சால இலைத் தட்டுகளும், குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு சாக்கும் இடம்பெற்றால் போதும். அடுத்த பௌஷ மாதத்தில் அதே கரைக்கு வரும் குடும்பத்துக்கு உட்கார ஓர் இடம் மிஞ்சியிருக்கும்.