சென்னையும் பூமியதிர்ச்சியும்

பூகம்பமென்பது ஜப்பானியருக்கும் அஸ்ஸாம், பிஹார் வாசிகளுக்கும் உரியதொரு துன்பமென்றும், சென்னைவாசிகளாகிய நாம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சினால் போதுமென்றும் நெடுநாளாக எண்ணி வந்தோம். அவ்வெண்ணம் 2001-ம் ஆண்டு ஸெப்டம்பர் மாதம் 25-ந் தேதி இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்னர் ஆட்டங்கண்டது. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் 5.5 அளவுள்ள அதிர்ச்சியொன்று தோன்ற, நம் நகரத்தார் வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தனர். சேதம் சிறிதே. ஆயினும் அவ்வாண்டு ஜனவரி 26-ந் தேதி குஜராத்தில் நிகழ்ந்த பேரழிவின் காட்சிகள் எல்லார் மனத்திலும் பசுமையாயிருந்தமையால், அச்சம் சேதத்தினும் பன்மடங்கு பெரிதாயிற்று.

இவ்வச்சம் தகுமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்த பொருள். தகும் என்றும் தகாது என்றும் ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது.

நம் நகரத்தின் தென்பாகத்தில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணப்படும் கரும்பாறை உலகப் புகழ் பெற்றது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பாரின் கல்லறைமீது வைக்கப்பட்ட கல் இவ்வினத்தைச் சார்ந்ததாகலின், ஹாலண்ட் என்னும் பூதத்துவ சாஸ்திரி இதற்குச் சார்னக்கைட் எனப் பெயரிட்டார். இதன் வயது ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள். இத்துணைப் பழையதும் இறுகியதுமான நிலம் அசையாது என்பதே முந்திய அறிஞரின் துணிபு. ஆனால் இந்திய நிலத்தட்டு முழுவதும் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தின் அடியில் முட்டிக்கொண்டிருக்கிறது. அம்மோதலின் இறுக்கம் தட்டின் விளிம்போடு நில்லாமல் நடுப்பாகத்திலும் பரவி, பழம்பாறையிலுள்ள பழைய பிளவுகளை நெருக்குகின்றது. 1900-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி விடியற்கு முன் கோயமுத்தூரைக் குலுக்கிய அதிர்ச்சியும், 1967-ல் கொய்னாவிலும் 1993-ல் லாத்தூர்ப் பக்கத்துக் கில்லாரியிலும் நேர்ந்த அழிவுகளும் இவ்வகையின. கில்லாரி அந்நாள் தேசப்படத்தில் அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது என்பதை மறத்தலாகாது. 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் அம்முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னையும் இரண்டாவதினின்று மூன்றாவது மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. மாறியது படமேயன்றிப் பூமியன்று. முன்னிருந்த அபாயத்தை நாம் பின்னர் அறிந்தோம், அவ்வளவே.

இனி, பத்திரிகை படிப்போர் பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. "ஐந்து அளவு" என்று செய்தி வந்தவுடன், அந்த ஐந்தும் தம் வாயிலில் வந்து நின்றதாகக் கருதுகின்றனர். கோயில் மணியின் எடை ஒன்றே. அதன் ஓசை மாடவீதியில் ஒருவகையாயும் லஸ் முனையில் வேறுவகையாயும் கேட்கும். அதிர்ச்சியின் அளவு மணியின் எடை போன்றது. ஓரிடத்தில் உணரப்படும் உக்கிரமோ ஓசை போன்றது. தூரமும் நிலத்தின் தன்மையும் அதனை மாற்றிவிடும். அளவிலும் ஒரு படி உயர்ந்தால் வெளிப்படும் சக்தி முப்பது மடங்குக்குமேல் உயருமாதலால், ஐந்துக்கும் எட்டுக்கும் உள்ள பேதம் மூன்றன்று, பல்லாயிர மடங்கு.

நிலத்தின் தன்மை என்றோம். கிண்டியில் பாறை ஆழமின்றிக் கிடக்கிறது. மயிலாப்பூரின் கடலோரம் மணல். அடையாற்றின் முகத்துவாரம் வண்டல். தியாகராய நகரமோ, 1920-களில் நீண்ட ஏரியின் படுகையை வற்றச் செய்து எழுப்பிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது, பார்ப்பதற்கு ஏரியில்லை. பாறையைக் கடந்து வரும் அலை இளகிய மண்ணிற் புகும்போது வேகங்குறைந்து வீச்சுப் பெருகும். நீர் நிறைந்த மணலாயின், குலுக்கத்தில் குழம்புபோலாகித் தாங்கும் வலிமையை இழத்தலும் உண்டு. ஆகவே ஒரே நகரத்தில் ஒரே நாழிகையில் கிண்டியாரும் மாம்பலத்தாரும் இருவேறு பூகம்பங்களை அனுபவிக்கக்கூடும்.

தொலைவிலிருந்து வரும் அலைகளோ மெதுவாக ஆடுவன. அவை ஓட்டுவீட்டைப் பொருட்படுத்தா. உயர்ந்த மாளிகையையே ஊஞ்சலாட்டும். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி நண்பகலில் வங்கக் கடலடியில் 5.1 அளவுள்ள அதிர்ச்சி நேர்ந்தபோது, அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளில் சிலர் அதை உணர்ந்தனர்; மற்றும் பலர் செய்தியைக் கேட்டே அறிந்தனர். மேல்மாடியிலிருந்தவரைப் பொய்யரென்று கீழ்மாடியார் நகைத்தல் நியாயமன்று.

மக்கள் இத்தகைய காலங்களில் நடந்துகொள்ளும் விதம் நிலத்தின் நடுக்கத்தினும் ஆராயத்தக்கது. 1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பிஹார் பாழானபோது, காந்தியடிகள் ஹரிஜன யாத்திரையாகத் தென்னாட்டில் இருந்தார். அது தீண்டாமைப் பாவத்துக்கு வந்த தண்டனையென்று அவர் திருநெல்வேலியில் பேசினார். ரவீந்திரநாத தாகூர், தீண்டாமையை வெறுப்பதில் அவருக்குச் சற்றும் பின்வாங்காதவராயினும், பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகமே காரணமென்று மறுத்தெழுதினார். அடிகள் அம்மறுப்பைத் தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டமை அவர் பெருந்தன்மை. வாதத்தில் நாம் தாகூர் பக்கமே. ஜப்பானில் நிகழ்ந்ததோ மிகக் கொடிது. 1923-ம் ஆண்டு ஸெப்டம்பர் முதல் தேதி டோக்கியோ எரிந்தபோது, கொரியர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்ற வதந்தி கிளம்ப, குற்றமற்ற கொரியர் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். பூமி நின்ற பிறகும் வதந்தி நிற்கவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2004-ம் ஆண்டு டிஸம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6-29 மணிக்கு ஸுமத்ராவுக்கருகே கடலடி பிளந்தது. சில நிமிஷங்களில் சென்னையிலும் பலர் கட்டில் ஆடக் கண்டு விழித்தனர். விழித்தவர் வெளியே வந்து, அண்டையாரோடு பேசி, மீண்டும் உள்ளே சென்றனர். அவ்வாட்டத்துக்கும் கடலுக்கும் தொடர்புண்டு என்று ஒருவரும் நினைக்கவில்லை. கடல் வந்து சேர்ந்தது ஏறக்குறைய ஒன்பது மணிக்கு. இடையிலிருந்த இரண்டரை மணி நேரத்தில் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தாரும் ஊரூர்க் குப்பத்தாரும் நடந்தே தப்பியிருக்கலாம். அச்சம் வேண்டிய வேளையில் அது வரவில்லை. நான்கு நாட்களுக்குப் பின், டிஸம்பர் 30-ந் தேதி, மத்திய அரசின் எச்சரிக்கையொன்று வெளிவர, கடற்கரையோர மக்கள் கூட்டங்கூட்டமாக ஓடினர். அன்று அலையொன்றும் வரவில்லை.

பின்னர் 2007-ல் ஹைதராபாத்தில் ஸுனாமி எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. 2012-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி பிற்பகல் ஸுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவிலும், இரண்டு மணி நேரத்துக்குப் பின் 8.2 அளவிலும் நிலம் அதிர்ந்தபோது, நகரத்துக் காரியாலயங்கள் வெறுமையாயின. கடற்கரையினின்று மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். ஆனால் அன்று கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாகவன்றிப் பக்கவாட்டில் வழுக்கின; நீர் பெரிதும் உயர்த்தப்படவில்லையாதலின் பேரலை எழவில்லை. "வீணே ஓட்டினார்கள்" என்று அன்று முணுமுணுத்தோர்க்கு நாம் கூறக்கூடியது, அவ்வழுக்கலின் திசை அதிர்ச்சி தோன்றிய கணத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதே.

வெறும் ஐயத்தாலும் ஓட்டம் உண்டாகும். 2023-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி அண்ணா சாலையருகே கட்டிடம் நடுங்கியதாகச் சிலர் வெளியே ஓடிவந்தனர். பூகம்பக் கருவிகளில் ஒன்றும் பதிவாகவில்லை. அவர்களை இகழ வேண்டா. ஆயினும், ரங்கநாதன் தெருவிலுள்ள பல மாடிக் கடையொன்றில், பண்டிகைக்கு முந்திய மாலையில், இத்தகைய ஐயம் எழுமாயின் படிக்கட்டில் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை உறுதியான மேஜையின் கீழ்த் தலையைக் காத்துக்கொண்டு, நின்ற பின் வரிசையாக இறங்குதலே ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பழகும் முறை.

பூகம்பம் மனிதரைக் கொல்வது அரிது, கட்டிடங்களே கொல்லும். அவற்றுள் சில பூகம்பத்துக்குக் காத்திருப்பதுமில்லை. 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டிடம் நிலம் அசையாமலே சரிந்து 61 பேரைக் கொன்றது. 2001-ல் குஜராத் அதிர்ச்சியின் மையத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆமதாபாத்திலும் பல மாடி வீடுகள் இடிந்தன. ஸாபர்மதியின் வண்டல்மீது நின்ற அவற்றுட் பல, கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களாக மட்டும் விட்டு, வண்டி நிறுத்த இடம் செய்தவை. மேலே சுவர்கள் இறுகி நிற்க, கீழே தூண்கள் மட்டும் வளையவேண்டி வர, அவை அங்கே முறிந்தன. அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பழைய பங்களாக்கள் இருந்த மனைகளில் எழுந்துள்ள அடுக்கு வீடுகளுட் பலவும் இவ்வமைப்பினவே. கீழ்த்தளத்தில் தக்க இடங்களில், அடித்தளத்தினின்றே எழும் கான்கிரீட் சுவர்களைத் தூண்களுக்கிடையே சேர்த்தால் இக்குறை பெரிதும் நீங்கும் என்பது எஞ்சினீயர்கள் அறிந்ததே. அதற்குக் குடியிருப்போர் அனைவரும் ஒருமனப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டும். வண்டி நிறுத்தும் இடமும் இரண்டொன்று குறையும். இப்பொருளைத் தம் குடியிருப்புச் சங்கத்தில் எடுத்துரைத்த நண்பர் ஒருவர், பேச்சு முழுவதும் அந்த இரண்டொரு வண்டிகளைப் பற்றியே நடந்ததாக எமக்குக் கூறினார்.