பவளக் காளான்: பார்த்து அறியுங்கள், பறித்துச் சமைக்காதீர்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் ஏ9 வீதியில் நாலந்தா இருக்கிறது. மழைக்காலத்தில் இப்பகுதியின் மர நிழலிலும் உக்கிய இலைகளுக்கு இடையிலும் பலவகைக் காளான்கள் முளைக்கும். சில குடைபோல் விரியாமல், கடலடிப் பவளம்போலக் கிளைவிட்டு வளரும். இவையே பவளக் காளான்கள். புதிய காணியைத் துப்புரவாக்கும்போதோ விறகு பொறுக்கும்போதோ இவற்றை நீங்கள் காணலாம். பிள்ளைகளின் கண்ணில் இவை முதலில் படும்.

பழைய ஊர்ப் பழக்கம் புதிய ஊரில் உதவுமா?

முன்பு வாழ்ந்த இடத்தில் எந்தக் காளானைச் சமைக்கலாம் என்று நீங்கள் நன்கு அறிந்திருக்கலாம். ஆனால் இடம் மாறினால், அதே தோற்றத்தில் வேறொரு காளான் இருக்கக்கூடும். 2015ஆம் ஆண்டு ஜேர்மனியில் தஞ்சம் புகுந்த பலர், தம் நாட்டில் உண்ட காளான் என்று நம்பிக் கொடிய நஞ்சுக் காளானைப் பறித்துச் சமைத்தார்கள். பலர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்பும் நேர்ந்தது. ஹனோவர் மருத்துவக் கல்லூரி பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி வெளியிட வேண்டியதாயிற்று. அவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். அவர்களின் அனுபவம் வேறொரு மண்ணுக்கு உரியதாக இருந்தது.

வடிவம் மட்டும் போதாது

‘பவளம்’ என்பது வடிவத்தின் பெயர். ஒரே இனத்தின் பெயர் அல்ல. முற்காலத்தில் இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கிளவேரியா என்ற ஒரே பெயரில் அடக்கினார்கள். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய கோர்னர் என்ற அறிஞர் 1950இல் வெளியிட்ட பெருநூலில் இவற்றை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து பல சாதிகளாகப் பிரித்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவை உள்ளே வேறுபட்டிருந்தன. இவற்றுள் உண்ணத்தக்கவையும் உண்டு. வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்குபவையும் உண்டு.

மிக ஆபத்தானது ‘தீப்பவளம்’ எனப்படும் செந்நிறக் காளான். இது விரல்போலவோ கிளைத்தோ வளரும். யப்பானில் இதை உண்டு மக்கள் இறந்திருக்கிறார்கள். யப்பான், கொரியா, ஜாவா, பப்புவா நியூகினி ஆகிய இடங்களில் அறியப்பட்டிருந்த இது, 2019இல் அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகருக்கு அருகிலும் காணப்பட்டது. தொட்டாலே தோல் சிவந்து எரியக்கூடும் என்பதால், செந்நிறக் கிளைக் காளான் எதையும் கையால் தொடாதீர்கள்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

1. முளைத்த இடம்: மண்ணிலா, உக்கிய மரத்திலா? மண்ணுக்குள் புதைந்த மரத்துண்டும் இருக்கலாம்.
2. நிறம்: அடி, கிளை, நுனி மூன்றையும் தனித்தனியே பாருங்கள். முதிரும்போதும் மழையில் நனைந்தபோதும் நிறம் மாறும்.
3. நுனி: கூரா, மொட்டையா, சீப்புப் பற்கள் போன்றதா, சிறு கிரீடம் போன்றதா?
4. தசை: குச்சியால் ஒடித்துப் பாருங்கள். எளிதில் முறிகிறதா, இறப்பர்போல வளைகிறதா? இறப்பர்போல வளைவது பவளக் காளானை ஒத்த கூழ்க் காளானாக இருக்கலாம். வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையுமாக மரத்தில் விறைத்து நிற்பது வேறு வகை.
5. வித்தித் தூள்: கையுறையிட்டு எடுத்த ஒரு கிளையைக் கடதாசியில் வைத்து, குவளையால் மூடி, ஓர் இரவு விடுங்கள். ராமாரியா வகையின் தூள் மஞ்சட்கபிலமாகவும், கிளவுலினா வகையின் தூள் வெள்ளையாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவை வகையை ஊகிக்கவே உதவும். உண்ணலாம் என்று சொல்ல உதவா. ராமாரியா என்ற ஒரே சாதிக்குள்ளேயே நல்லதும் கெட்டதும் உண்டு.

நம்பக்கூடாத சோதனைகள்

வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நஞ்சில்லை, பூச்சி அரித்திருந்தால் நல்லது, அவித்து நீரை ஊற்றிவிட்டால் போதும் என்பார்கள். இவை எவையும் உண்மையல்ல. பல காளான் நஞ்சுகள் அவித்தாலும் அழியா. சுவைத்துப் பார்த்தும் அறிய முயலாதீர்கள்.

யாராவது உண்டுவிட்டால்

நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். கொடிய நஞ்சுகள் சிலவற்றில் ஆறு மணித்தியாலத்துக்குப் பின்னரே வாந்தி தொடங்கும். 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே செல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதமான காளானையும் கறியையும் கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். எப்போது, எவ்வளவு, யார் யார் உண்டார்கள் என்று சொல்லுங்கள். சிங்களத்தில் காளானைப் ‘பிம்மல்’ அல்லது ‘ஹத்து’ என்பார்கள். அச்சொல்லைச் சொன்னாலே விடயம் விளங்கும். அதே சட்டியில் உண்ட அனைவரும், நலமாக இருந்தாலும், வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காளான் கறி வேண்டுமென்றால்

சிப்பிக் காளானை மரத்தூள் நிரப்பிய பொலித்தீன் பைகளில் வீட்டிலேயே வளர்க்கலாம். நிழலான சிறு கொட்டிலும் ஈரமும் போதும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ விசாரியுங்கள். காட்டுப் பவளக் காளானை நின்று பாருங்கள், படம் எடுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சட்டிக்கு மட்டும் கொண்டுவராதீர்கள்.