ராஜா வேடம் யாருக்கு, சனிக்கிழமை இரவு யாருக்கு?

நாடகத்துக்கு நாற்பது பேர் டிக்கெட் வாங்கி முப்பத்தைந்து பேர் மட்டும் வந்தால் நாடகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஐந்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் பார்வையாளர் என்று ஒருவர்கூட இல்லாமல், வருகிற நாற்பது பேருமே நடிகர்கள் என்றால்? வராமல் போன ஐவரில் ஒருவர் ராஜா, இன்னொருவர் ராஜாவுக்கு விஷம் வைக்க வேண்டியவர் என்றால்? ‘லார்ப்’ எனப்படும் நேரடி வேட விளையாட்டுகளை நடத்தும் சங்கங்களின் தலைவலி இங்கே தொடங்குகிறது.

இந்த விளையாட்டில் எழுதிவைத்த வசனம் கிடையாது. கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் சில பக்கத் தாள்கள் வரும். நீ யார், உனக்கு என்ன வேண்டும், யாரிடம் கடன்பட்டிருக்கிறாய், எந்த ரகசியத்தை மறைக்கிறாய் என்று அதில் இருக்கும். பிறகு சில மணி நேரம் அந்த ஆளாகவே நடமாடி, பேரம் பேசி, சதி செய்து, காதலித்து, காட்டிக்கொடுத்து முடிக்க வேண்டியதுதான். கதையை எழுதுவதும், விதிகளைச் சொல்லித்தருவதும், நடுவில் எழும் தகராறைத் தீர்ப்பதும் கேம் மாஸ்டரின் வேலை. சுருக்கமாக ஜி.எம். வெளியார் கண்ணில் படுவது பளபளக்கும் உடையும் நுரைப்பஞ்சு சுற்றிய வாளும்தான். இந்தச் சங்கங்களின் கைத்திறன் எல்லாம் அட்டவணை போடுவதில் இருக்கிறது என்பேன்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி இதற்கு நல்ல உதாரணம். ஹார்வர்ட் மாணவர்கள் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் இன்டராக்டிவ் லிட்டரேச்சர்’ 1983-ல் பாஸ்டன் வட்டாரத்தின் பாஸ்கோன் என்ற அறிவியல் புனைகதை மாநாட்டில் ஒரு வாரக்கடைசி முழுக்க ஓடும் விளையாட்டை நடத்தியது. அந்த மரபில் வளர்ந்ததுதான் இன்டர்கான் மாநாடு. குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு ஓட்டலை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரை டஜன் கணக்கான விளையாட்டுகளை அடுத்தடுத்தும் ஒரே நேரத்திலும் நடத்துகிறார்கள். வருகிறவர்கள் சில நூறு பேர். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் யாரும் இல்லை, எல்லோருமே தன்னார்வலர்கள்.

முதல் படி, விளையாட்டுகளைச் சேகரிப்பது. நடத்த விரும்பும் ஜி.எம். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். கதை எதைப் பற்றியது, எத்தனை மணி நேரம், என்ன மாதிரி அறை தேவை, வன்முறையோ துயரமோ கூடுதலாக இருக்குமா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். இவற்றைவிட முக்கியமானவை மூன்று எண்கள்: குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் விளையாட்டு நடக்கும், எத்தனை பேர் இருந்தால் நன்றாக நடக்கும், அதிகபட்சம் எத்தனை பேரைத் தாங்கும். அனுபவமுள்ள எழுத்தாளர் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவே இடைவெளி வைத்துத்தான் கதையைக் கட்டுவார். ராஜாவின் ஒன்றுவிட்ட தம்பி இருந்தால் சுவை கூடும், இல்லாவிட்டாலும் கதை நொண்டாது. அப்படிப்பட்ட நாலைந்து பாத்திரங்களைக் கழற்றிவிடக்கூடியதாக எழுதிவைப்பது இந்தக் கலையின் அடிப்படைப் பாடம்.

ஒரு குழு விண்ணப்பங்களைப் படித்து, கேள்வி கேட்டு, ஏற்கும் அல்லது திருப்பி அனுப்பும். தரம் மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பத்து விண்ணப்பங்களும் சனிக்கிழமை இரவையே கேட்டால் என்ன செய்வது? எல்லோரும் ஓட்டலுக்கு வந்து சேர்ந்திருக்கும், யாரும் இன்னும் களைத்துப் போகாத நேரம் அது. ஞாயிறு காலையோ நேர்மாறு, பாதிப் பேருக்குத் தூக்கம் கலைந்திருக்காது, மீதிப் பேர் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். சோகமும் கனமும் நிறைந்த ஆறு மணி நேரக் கதையை ஞாயிறு காலையில் வைப்பது அந்தக் கதைக்குச் செய்யும் துரோகம். குட்டிக் கதைகளும் நகைச்சுவைகளும் அங்கே பொருந்தும்.

இதற்குமேல் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 300 பேர் வருகிற மாநாடு என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு அவர்களில் 240 பேர் ஏதாவது ஒன்றில் விளையாட விரும்புவார்கள் என்பது அமைப்பாளரின் மதிப்பீடு. விளையாட்டு ஒன்றுக்குச் சராசரியாக 18 இடம் என்றால் சுமார் 13 விளையாட்டுகள் தேவை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் நடத்த இரண்டு மூன்று ஜி.எம்.கள் வேண்டுமே, அவர்களும் அந்த 240 பேருக்குள்தானே இருக்கிறார்கள்! பதின்மூன்று விளையாட்டு என்றால் முப்பது பேருக்கு மேல் நடத்தும் பக்கம் போய்விடுகிறார்கள். விளையாடச் சுமார் 210 பேர்தான் மிச்சம். இப்போது 13 அதிகமாகிவிட்டது, 12 போதும். இடங்கள் குறைந்தால் காசு கட்டி வந்தவர்கள் வராந்தாவில் நிற்பார்கள். கூடினால் நிலைமை அதைவிட மோசம். ஆட்கள் எல்லா விளையாட்டுகளுக்கும் பரவிப்போய், மூன்று நான்கு விளையாட்டுகள் குறைந்தபட்ச எண்ணைத் தொடாமல் ரத்தாகும். மாதக்கணக்கில் எழுதியவரின் உழைப்பு வீணாகும். அடுத்த வருடம் அவர் விண்ணப்பமே போடமாட்டார்.

அறைகளும் தம் பங்குக்குப் படுத்தும். பேய்க்கதைக்கு இருட்டும் அமைதியும் வேண்டும். பக்கத்து அறையில் கல்யாணக் கதை என்றால் பேய் அரண்டு ஓடிவிடும். ஆறு பேர் மட்டும் விளையாடும் நெருக்கமான குடும்பக் கதையைப் பெரிய ஹாலில் வைத்தால் அந்த நெருக்கமே வராது. ஓட்டலில் தங்கும் அறை ஒன்றே அதற்கு ஏற்றது. ஒரே ஜி.எம். இரண்டு விளையாட்டு நடத்தினால் அவை மோதக்கூடாது. அவருடைய சக ஜி.எம். வேறு ஒன்றில் விளையாட ஆசைப்படலாம், அதோடும் மோதக்கூடாது.

அட்டவணை வெளியானதும் முன்பதிவு தொடங்குகிறது. முந்தியவருக்கே இடம் என்று அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது தட்கல் டிக்கெட்டுக்குக் காலை வேளையில் கணினிமுன் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகமான இணைப்பும் வேலையில்லாத மாலையும் வாய்த்தவர் ஐந்து நல்ல விளையாட்டுகளை அள்ளிக்கொள்வார். குழந்தைக்குச் சோறூட்டிவிட்டு வருபவருக்கு மிச்சம்தான்.

இன்டர்கான் இதற்குச் சுற்றுமுறையைக் கண்டது. முதல் சுற்றில் ஒருவர் ஒரே ஒரு விளையாட்டில்தான் இடம் பிடிக்கலாம். சில நாள் கழித்து அடுத்த சுற்று, அப்போது இரண்டு வரை போகலாம். அதன்பின் மூன்று. கடைசியில் கட்டுப்பாடு நீங்கும். எளிய விதிதான், ஆனாலும் நன்றாக யோசித்த விதி. எல்லோருக்கும் தாங்கள் மிகவும் விரும்பியது கிடைக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது. அதோடு ஒவ்வொருவரையும் ‘உனக்கு உண்மையில் எது வேண்டும்?’ என்று முடிவெடுக்கவும் வைக்கிறது. மிகப் பிரபலமான விளையாட்டுக்குப் போட்டியிட்டுத் தோற்றால், இரண்டாவது விருப்பமும் அதற்குள் நிரம்பியிருக்கலாம். ஆகவே இடம் கிடைக்கக்கூடியதைப் பார்த்து, ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு முதல் வாய்ப்பைச் செலவழிக்கிறவர்களும் உண்டு. ஜி.எம்.களுக்கு இது லாபம். முதல் சுற்றில் வந்தவர் கடைசி நேரத்தில் கைவிட மாட்டார் என்று ஓரளவு நம்பலாம்.

சில இடங்களில் விருப்பப் பட்டியல் வாங்கிக் குலுக்கல் போடுகிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளின் லார்ப் உலகில் குலுக்கல் பழக்கமானது. இரவு நேரப் பணியாளருக்கும், வேறு நேர மண்டலத்தில் வசிப்பவருக்கும் குலுக்கலே நியாயம். என் வாக்கும் குலுக்கலுக்குத்தான். ஆனால் அதில் ஒரு குறை இருப்பதை மறுக்க முடியாது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வரத் திட்டமிட்டால், சீட்டு அவர்களை நான்கு திசைக்குப் பிரித்துவிடும்.

இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இனிமேல்தான் யார் எந்த வேடம் என்ற கேள்வி. பதிவு செய்தவருக்கு ஜி.எம். ஒரு கேள்வித்தாள் அனுப்புவார். அரசியல் சூழ்ச்சி பிடிக்குமா, காதல் கதை ஒத்துவருமா, கையில் அதிகாரம் இருந்தால் மகிழ்ச்சியா பதற்றமா, பாடுவீர்களா, எந்த விஷயத்தைத் தொடக்கூடாது, எவரோடு நேருக்குநேர் விளையாட விருப்பமில்லை? கடைசிக் கேள்விக்கான பதில் ஜி.எம்.மைத் தாண்டிப் போகாது. பிரிந்துபோன ஜோடியைக் கணவன் மனைவியாகப் போட்டுவிட்டால் அந்த இரவு அதோடு நாசம்.

பதில்கள் வந்ததும் ஜி.எம்.கள் உட்கார்ந்து பொருத்துகிறார்கள். இருபது பேரில் ஒன்பது பேர் வில்லன் கேட்டிருப்பார்கள், இருப்பது இரண்டு வில்லன்கள். ‘எதுவானாலும் சரி’ என்று எழுதுகிறவர் பார்வைக்கு வசதியானவர், உண்மையில் சங்கடமானவர். அவருக்கு எது பிடிக்காது என்பது விளையாட்டு நடக்கும்போதுதான் தெரியவரும். கதை முழுக்கச் சுற்றிவரும் அச்சாணிப் பாத்திரங்களை, வந்தே தீருவார் என்று நிச்சயமானவரிடம் கொடுப்பது எழுதப்படாத விதி. நடிப்புத் திறமை அதற்கு அடுத்தபடிதான். பழைய விளையாட்டுகளில் ஆண் பாத்திரம் இத்தனை, பெண் பாத்திரம் இத்தனை என்று முன்பதிவிலேயே தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். பெண்களுக்கான இடம் நிரம்பிவிட்டால், ஆண்களுக்கு இடம் இருந்தும் பெண் ஒருவர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார். இப்போது பாத்திரங்களை இருபாலருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதும் வழக்கம் பரவி, அந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது.

வேடம் ஒதுக்கியபின் ஒருவர் விலகினால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவரைத் தானாக உள்ளே இழுத்துவிட முடியாது. போன வேடம் பாட்டி, வருகிறவர் கேட்டது படைத்தளபதி என்றால் மறுபடி எல்லாவற்றையும் கலைத்துப்போட வேண்டும்.

ஒரே இரவில் முடியாத, வருடக்கணக்கில் தொடரும் கதைகளை நடத்தும் சங்கங்களுக்கு வேறு கவலை. அங்கே வேடம் நிரந்தரம், நாட்காட்டிதான் பிரச்சினை. நியூ இங்கிலாந்தில் வாட்போர் வகை விளையாட்டுகளுக்குக் காடும் தங்குமிடமும் வேண்டும் என்பதால் சிறுவர் கோடை முகாம்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். கோடை உச்சத்தில் அங்கே சிறுவர்கள் இருப்பார்கள். கடுங்குளிரில் குழாய் உறைந்துவிடும் என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மிஞ்சுவது வசந்தமும் இலையுதிர்காலமும். அந்தச் சில மாத வாரக்கடைசிகளை அத்தனை சங்கங்களும் பங்குபோட்டாக வேண்டும். ஏனென்றால் இன்று ஒரு சங்கத்தில் மந்திரவாதியாக விளையாடுபவர் அடுத்த வாரம் இன்னொரு சங்கத்தில் சமையல்கட்டைக் கவனிப்பவராக இருக்கலாம். ஒரே தேதியில் இரண்டு சங்கங்கள் நிகழ்ச்சி வைத்தால் இரண்டுக்கும் நஷ்டம்.

எம்.ஐ.டி. மாணவர்களின் அசாசின்ஸ் கில்ட் பத்து நாள் ஓடும் விளையாட்டுகளையும் நடத்தியிருக்கிறது. வளாகமே களம். வகுப்பும் நடக்கும், சதியும் நடக்கும், விளையாடாதவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அப்படியொன்றுக்குத் தேதி குறிப்பவர் தேர்வு அட்டவணையை அருகில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தில் 2013 முதல் நடக்கும் ‘எம்பயர்’ இதில் இன்னொரு கோடி. ஆண்டுக்கு நான்கு நிகழ்ச்சிகள், ஆயிரக்கணக்கில் கூட்டம். பத்து கற்பனை நாடுகளாகப் பிரிந்து விளையாடுகிறார்கள். பெரும் போர் நடத்த வேண்டும், ஆனால் எதிரிப் படைக்கு எங்கே போவது? கூலிக்கு ஆள் பிடித்தால் சங்கம் திவாலாகும். அவர்கள் கண்ட வழி, நாடுகளை இரண்டு பாதியாகப் பிரிப்பது. சனிக்கிழமை ஒரு பாதி தங்கள் வேடத்திலேயே போர்க்களத்துக்குப் போகும், மறு பாதி முகமூடி மாட்டி அரக்கர் படையாக எதிரே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை இடம் மாறும். சனிக்கிழமை வீரனாக வெட்டிச் சாய்த்தவர், மறுநாள் அரக்கனாக விழுந்து எழுந்து மறுபடி விழ வேண்டும். எந்த நாடு எந்த நாள் போகிறது என்பதைக்கூட அமைப்பாளர் தீர்மானிப்பதில்லை. விளையாட்டுக்குள்ளே இருக்கும் படைத்தளபதிகள் கூடிப் பேசி, சண்டைபோட்டு, முடிவெடுத்துக்கொள்கிறார்கள்.