ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்!

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயசு பத்து. அதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய மெஷினில் ஏறாது. "புதுசு வாங்கிடுங்கம்மா, நாற்பதாயிரம் ஆகும்" என்றார் கடைக்காரர். கையில் இருந்ததோ மகளின் ப்ளஸ் டூ டியூஷனுக்கு எடுத்து வைத்த பணம்தான். என் வீட்டுக்காரரின் மளிகைக் கடைக் கணக்கு முழுதும் விண்டோஸில் ஓடும் டேலியில் இருக்கிறது. அதையும் விட முடியாது, மகளுக்கு இன்டர்நெட்டும் வேண்டும்.

பாலிடெக்னிக் படிக்கும் என் அண்ணன் மகன்தான் வழி சொன்னான். "அத்தை, லினக்ஸ் மின்ட் இலவசம். விண்டோஸை எடுக்காமலே பக்கத்துல போட்டுக்கலாம்." இதொன்றும் புதுசு இல்லையாம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த லேப்டாப்களிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தனவாம்.

முதலில் டேலி கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி இடம் ஒதுக்கினோம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்தினோம். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்குமாம்.

பிறகு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, பிரிண்டர், சவுண்ட் எல்லாம் வேலை செய்தது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் போட்டோம். அப்போது, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா, டிஸ்க்கையே அழித்துவிட்டுப் போடவா என்று கேட்கும். இங்கேதான் தோழியரே, உஷாராக இருக்க வேண்டும்! அழிப்பதைத் தொட்டால் இருப்பதெல்லாம் போச்சு.

இப்போது சுவிட்சைப் போட்டதும் இரண்டு பெயரும் திரையில் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் போதும். கடிகாரம் மட்டும் முதலில் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டியது. மெஷின் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும், விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வந்த வினை. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகிவிட்டது.

விண்டோஸுக்கு இன்டர்நெட்டே கொடுப்பதில்லை. அதில் கடைக் கணக்கு மட்டும்தான். மகளின் படிப்பு, என் மின்கட்டணம் எல்லாம் லினக்ஸில். டியூஷன் பணம் டியூஷனுக்கே போனது.

பழசைக் காயலான் கடைக்குப் போடும் முன், விவரம் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.